கல்தூசியும் இறுகும் தோலும்: அதே வேலையில் தொடர்வதா, மாறுவதா, விடுவதா?

முதலில் விரல்நுனிகள் வெளுக்கும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் வெள்ளை, கொஞ்ச நேரத்தில் நீலம், அப்புறம் சிவப்பு. சில மாதங்களில் விரல்கள் தடித்து மோதிரம் கழலாமல் போகும். பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து மருத்துவர் 'ஸ்கிளெரோடெர்மா' என்று சொல்லும்போது, அந்தப் பெயரையே பலர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே நம் இணைப்புத் திசுக்கள்மேல் திரும்பி, தோலையும் ரத்தக் குழாய்களையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கிவிடும் தன்னெதிர்ப்பு நோய் அது.

கல் அறுப்பவர், சுரங்கத்தில் துளையிடுபவர், வார்ப்பாலையில் மணல் அச்சு உடைப்பவர், கட்டடத்தில் கான்கிரீட் குடைபவர் என்று தூசிக்குள் உழைக்கும் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மருந்து எடுப்பதோடு விஷயம் முடிவதில்லை. வேலையை என்ன செய்வது என்றும் முடிவெடுக்க வேண்டும். நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடரலாமா? வேலையிடத்தில் தூசியைக் குறைக்கச் சொல்லலாமா? அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்குப் போகலாமா? அல்லது ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமா? இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோய் உறுதியான பிறகு முகக்கவசத்தை மட்டும் நம்பித் தூசிக்குள் திரும்பிப் போவது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. மற்ற மூன்றில் எது பொருந்தும் என்பது உங்கள் நுரையீரலைப் பார்த்தும் உங்கள் வேலையிடத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டியது.

தூசிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர் 1914-ல் தான் பார்த்த ஸ்கிளெரோடெர்மா நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒன்பது பேரில் ஐந்து பேர் கல்தச்சர்கள். பொதுவாகப் பெண்களையே அதிகம் தாக்கும் நோய் இது. அது ஆண் கல்தச்சர்களிடம் இப்படிக் குவிந்து கிடந்தது தற்செயலாக இருக்க முடியாது. 1953-ல் ஆன்டனி கேப்ளன், தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில், மூட்டுகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான முடக்குவாதமும் நுரையீரலில் வட்ட வட்டக் கட்டிகளும் சேர்ந்து வருவதைக் கண்டார். 1957-ல் எராஸ்மஸ் என்ற மருத்துவர், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்கிளெரோடெர்மாவைப் பற்றி எழுதினார். கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற பொருளின் தூசியோடு சேர்ந்து வரும் ஸ்கிளெரோடெர்மாவுக்கு இன்றும் 'எராஸ்மஸ் சிண்ட்ரோம்' என்றே பெயர். பாறையே இல்லாத இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஸ்பெயினில் பாத்திரம் தேய்க்கும் பொடி தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் 50 பேரைப் பரிசோதித்து 1993-ல் வெளியான ஆய்வில், ஸ்கிளெரோடெர்மாவும், லூபஸ், ஷோகிரன் நோய் என்ற வேறு தன்னெதிர்ப்பு நோய்களும் தென்பட்டன. அந்தப் பொடியிலும் சிலிக்காதான் இருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். கல்லை அறுக்கும்போது பறப்பதில் கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பகுதி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கே அளவுள்ள சிலிக்கா படிகங்கள் நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கி செல்கள் அவற்றை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. செல்லின் உள்ளறை கிழிந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் வெளியேறி, செல்லும் செத்துப்போகும். படிகம் மட்டும் அப்படியே வெளியே வரும். அதை அடுத்த செல் விழுங்கும். இப்படி ஒரே படிகம் வருடக்கணக்கில் செல்களைக் கொன்றுகொண்டே இருக்கும். செத்த செல்களின் உட்பொருள்கள் ஓயாமல் சிதறுவதைப் பார்த்துப் பார்த்து, நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலின் பொருள்களையே எதிரி என்று பதிந்துகொள்கிறது. அழற்சியின் இன்னொரு பக்கத்தில் நார்த்திசு பெருகுகிறது. யாருக்கு இது நோயாக மாறும் என்பதில் பரம்பரைக்கும் புகைபிடிப்பதற்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே பட்டறையில் இருபது வருடம் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருகிறது. "அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இந்த விஷயத்தில் செல்லாது.

ஒரு விஷயத்தை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். சிலிக்கோசிஸ், அதாவது தூசியால் நுரையீரலில் விழும் தழும்பு, ஸ்கேனில் தெரியாவிட்டாலும் தூசியால் தன்னெதிர்ப்பு நோய் வரலாம். "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அதனால் தூசி காரணமில்லை" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

சட்ட வரம்பு யாருக்காக?

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-ல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா. ஒருவர் ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், வரம்பின் உச்சத்தில் ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். பொடி உப்பில் பத்துத் துகள்கூட அந்த எடைக்குத் தேவையில்லை. அந்த வரம்பிலும் ஆபத்து மிச்சமிருக்கிறது என்று அதை வகுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலான இடங்களில் நடைமுறையில் எட்டக்கூடிய அளவு என்பதால்தான் அங்கே நிறுத்தினார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், "எங்கள் இடத்தில் தூசி வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற பதிலை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அந்த வரம்பு ஆரோக்கியமான தொழிலாளர் கூட்டத்தை மனதில் வைத்துப் போட்டது. நோயெதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே திசைமாறிவிட்ட ஒருவருக்கு இவ்வளவு பாதுகாப்பானது என்று யாரும் ஒரு எண் வகுத்துத் தரவில்லை. ஆகவே உங்கள் இலக்கு வரம்புக்குள் இருப்பதாக இருக்கக் கூடாது. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதாக இருக்க வேண்டும்.

முதல் வழி: முகக்கவசத்தோடு தொடர்வது

இந்த வழி ஏன் கவர்கிறது என்பது புரிகிறது. சம்பளம் நிற்காது. யாருக்கும் நோயைச் சொல்ல வேண்டாம். நிறுவனத்துக்கும் இதுவே சுலபம், ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 'என் 95' என்ற பெயரில் உள்ள 95 சதவீதம், வடிகட்டும் துணியைப் பற்றியது. மூக்கோரத்திலும் கன்னத்திலும் கசிவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்துப் போட்ட அரைமுகக் கவசத்துக்கே, வெளித்தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் பாதுகாப்பு விதிகள் கணக்கு வைக்கின்றன. காற்றில் 1000 மைக்ரோகிராம் இருந்தால் உள்ளே 100 போகும். அது வரம்பின் இரு மடங்கு. தண்ணீர் விடாமல் கல்லை அறுக்கும் மூடிய அறையில் 1000 என்பது அதிசயமான அளவும் இல்லை. முழுமுகக் கவசமானால் ஐம்பதில் ஒரு பங்கு. மின்விசிறியால் வடிகட்டிய காற்றைத் தள்ளும் தளர்வான தலைமூடியானால் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

ஸ்கிளெரோடெர்மா உள்ளவருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. இந்த நோய் முகத்தையே மாற்றுகிறது. மூக்கு ஒடுங்கும், உதடுகள் மெலியும், வாய் சுருங்கும், கன்னத்தின் தோல் எலும்போடு ஒட்டும். போன வருடம் கச்சிதமாக உட்கார்ந்த கவசம் இந்த வருடம் ஓரம் விட்டு நிற்கலாம், போட்டிருப்பவருக்கே அது தெரியாது. விரல்கள் மடங்காதபோது பட்டையை இழுத்து முடிவதும் பாடு. நுரையீரல் ஏற்கெனவே விறைத்திருந்தால், வடிகட்டித் துணியின் வழியாக மூச்சை இழுப்பதே பாதி உழைப்பு. அப்போது என்ன நடக்கும் என்பது பட்டறையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கவசம் கழுத்துக்கு இறங்கிவிடும். அதற்காக அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் முகக்கவசத்தை ஒரு பாலமாக மட்டும் பாருங்கள். வேலை மாறும்வரையுள்ள சில வாரங்களுக்கு, காற்றைத் தள்ளும் அந்தத் தலைமூடி வகை கிடைத்தால் அதைக் கேளுங்கள். முகத்தோடு ஒட்ட வேண்டியதில்லை, மூச்சுக்கும் தடை இல்லை.

இரண்டாவது வழி: தூசியையே அடக்குவது

தொழிலிடப் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளையே நீக்குவது முதலில், இல்லாவிட்டால் வேறு பொருளுக்கு மாறுவது, அப்புறம் இயந்திர ஏற்பாடுகள், அப்புறம் வேலை முறை மாற்றம், முகக்கவசம் கடைசியில். பெரும்பாலான இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதுதான் வேதனை.

பொருள் மாற்றம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்குக் கல்லே சாட்சி. சலவைக்கல்லில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சமையலறை மேடைகளுக்காகப் பிசினில் கல்தூளைப் பிணைத்துச் செய்யும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதை அறுத்த இளைஞர்களுக்குச் சில வருடங்களிலேயே நுரையீரல் போனது இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று நாடு நாடாகத் தெரியவந்தது. அவர்களில் சிலருக்குத் தன்னெதிர்ப்பு நோய்களும் சேர்ந்தே வந்தன. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

பொருளை மாற்ற முடியாத இடத்தில் தண்ணீர் விட்டு அறுப்பதும், கருவியின் வாயிலேயே தூசியை உறிஞ்சுவதும் பெரிய பலன் தரும். இங்கேதான் பாதுகாப்புக் கையேடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு முரண் இருக்கிறது. நுரையீரலைக் காக்கும் அதே தண்ணீர், விரல்களைக் கெடுக்கும். ஸ்கிளெரோடெர்மா உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே குளிரில் விரல் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும் ரேனாட் பிரச்சினை உண்டு. நாள் முழுக்க ஈரக் கையுறையோடு நின்றால் விரல்நுனியில் புண் வரும், அது ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு நுனியே அழுகிப்போகும். அதிரும் கருவிகளும் அப்படித்தான். கிரைண்டரும் துளையிடும் இயந்திரமும் அவையாகவே ரேனாட் நோயை உண்டாக்கக் கூடியவை. ஏற்கெனவே இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். தூசி இல்லாத ஈரவெட்டு மற்ற தொழிலாளருக்கு அருமையான தீர்வு. அதே ஈரவெட்டு உங்களுக்குத் தீர்வாகாமல் போகலாம்.

இன்னொன்று, தண்ணீர் தூசியை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தரையில் படிந்த சேறு காய்ந்தால் மறுநாள் அதே தூசி எழும். உலர் துடைப்பத்தால் கூட்டுவதும், காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வதும் ஒருநாள் முழுக்க எடுத்த கவனத்தை ஐந்து நிமிடத்தில் வீணாக்கிவிடும். ஈரமாகவே கழுவ வேண்டும், அல்லது நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, இந்த வழியின் பிடி உங்கள் கையில் இல்லை. பம்பு பழுதானால் நிறுத்திவைப்பார்களா, 'இன்றைக்கு மட்டும்' என்று உலர்வெட்டுக்குப் போவார்களா என்பதை நிறுவனம் முடிவு செய்யும். உங்கள் முதலாளியின் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடுகளை நோய் வராத மற்றவர்களுக்காகக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் உயிரை அவற்றின் மேல் மட்டும் வைக்காதீர்கள்.

மூன்றாவது வழி: அதே இடத்தில் வேறு வேலை

பலருக்கும் பொருந்தக் கூடியது இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. அளவெடுப்பது, வரைபடம் போடுவது, கணினியில் வெட்டும் இயந்திரத்துக்கு நிரல் கொடுப்பது, தரம் பார்ப்பது, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கைவேலை தெரிந்தவரால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிகிற வேலைகள் நிறைய. இருபது வருட அனுபவம் வீண்போகாது, சம்பளமும் பெரிதாக விழாது. சேர்ந்து உழைத்த ஆட்களும் பக்கத்திலேயே இருப்பார்கள், அதுவும் சின்ன விஷயமில்லை.

சிக்கல் காற்றில் இருக்கிறது. நுண்தூசி மணிக்கணக்கில் மிதக்கும். பட்டறைக்கு நடுவே கண்ணாடி அறை கட்டி 'அலுவலகம்' என்று பெயர் வைத்தால் அங்கே உட்காருபவரும் அதே தூசியைத்தான் சுவாசிப்பார். கதவு திறக்கும் திசை, காற்றோட்டம், தூசி உடையோடு உள்ளே வந்து போகும் ஆட்கள் எல்லாமே கணக்கு. சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மாதிரியெடுக்கும் கருவி ஒன்று உண்டு. புதிய இருக்கையில் ஒரு முழு ஷிப்ட் அதை மாட்டிக்கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். "இங்கே தூசி இல்லை" என்ற வாய்வார்த்தைக்குப் பதில் ஒரு எண் கையில் இருக்கும்.

அப்புறம், எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். தூசியிலிருந்து எடுத்துப் பெயின்ட் அடிக்கும் பிரிவிலோ, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் தொட்டியிலோ, பிசின் ஒட்டும் மேசையிலோ விட்டால் அது மாற்றமே இல்லை. இந்த வேலைகளில் புழங்கும் கரிமக் கரைப்பான்களுக்கும் ஸ்கிளெரோடெர்மாவுக்கும் உள்ள தொடர்பும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. குளிர்பதனக் கிடங்கும் வேண்டாம், காரணம் ரேனாட். இதை மருத்துவரிடம் எழுதியே வாங்குங்கள்: சிலிக்கா தூசி கூடாது, கரைப்பான் ஆவி கூடாது, அதிரும் கருவி கூடாது, குளிர் கூடாது. "இலகுவான வேலை தரவும்" என்று மொட்டையாக ஒரு சீட்டு வந்தால், எடை தூக்காத ஆனால் தூசி நிறைந்த மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நான்காவது வழி: முழுவதும் விலகுவது

உடலுக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை. புதிய தூசி நின்றுவிடும். டென்மார்க்கில் வேலைப் பதிவேடுகளைக் கொண்டு நாடளவில் நடந்த ஆய்வில், சுவாசித்த சிலிக்காவின் மொத்த அளவு கூடக் கூட இந்த வகை நோய்களின் ஆபத்தும் கூடியது. மொத்த அளவை இனிமேல் ஏற்றாமலிருப்பது ஒன்றே உங்கள் கையில் உள்ள பிடி.

ஆனால் விலகினால் நோய் நின்றுவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். உள்ளே போன படிகங்கள் வெளியே வராது. சிலிக்கோசிஸ், வேலையை விட்ட பிறகும் வருடக்கணக்கில் வளரக் கூடியது. தன்னெதிர்ப்பு நோயும் ஒருமுறை தொடங்கிவிட்டால் தனக்கென்று ஒரு ஓட்டம் வைத்துக்கொள்கிறது. இதனால்தான் "மூன்று மாதம் லீவு போட்டுப் பார்க்கிறேன், குறைந்தால் விடுகிறேன், குறையாவிட்டால் திரும்பப் போகிறேன்" என்ற யோசனை தவறான பாதையில் கொண்டுபோய்விடும். மூன்று மாதத்தில் தோல் இளகினாலும் அது மருந்தால் இருக்கலாம், இறுகினாலும் அது நோயின் ஆரம்ப வேகமாக இருக்கலாம். அந்தச் சோதனையால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இழப்பையும் மறைக்கக் கூடாது. வருமானம் போகும். வேலையோடு வந்த காப்பீடு போகலாம், அதுவும் மருந்துச் செலவு தொடங்கும் நேரத்தில். கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லும் ஒருவர், நாற்பத்தைந்து வயதில் வேறு எதைக் கற்றுக்கொண்டு அந்த மரியாதையை மறுபடி சம்பாதிப்பது? குடும்பத்தார் "உயிர் முக்கியம், விட்டுவிடு" என்று சொல்லும்போது இந்த வலியையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, எப்போது எது?

நுரையீரல் பாதிப்பு ஏற்கெனவே இருந்தால் தயங்க வேண்டாம். அதாவது நுண்பிரிவு சி.டி. ஸ்கேனில் தழும்பு தெரிகிறது, அல்லது மூச்சுத்திறன் சோதனையில், ஆழ இழுத்து முழுவதும் ஊதும் காற்றின் அளவான எஃப்.வி.சி.யோ, ஆக்சிஜன் ரத்தத்துக்குள் கடக்கும் திறனைக் காட்டும் டி.எல்.சி.ஓ. அளவோ இறங்கியிருக்கிறது. இவர்கள் நாளைய ஷிப்டுக்கே தூசிக்குள் போகக் கூடாது. முதலில் மருத்துவ விடுப்பு, அதற்குள் மூன்றாவது வழி உண்மையாகவே கிடைக்குமா என்று பார்ப்பது, கிடைக்காவிட்டால் விலகுவது. ஸ்கிளெரோடெர்மாவில் உயிரை அதிகம் பறிப்பது நுரையீரல் பாதிப்புதான். தோல் பரவலாக இறுகும் வகையில் முதல் சில வருடங்கள்தான் வேகமானவை. அந்த வருடங்களைத் தூசிக்குள் கழிப்பதற்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது.

ரேனாட் மட்டும் இருக்கிறது, ரத்தத்தில் ஏ.என்.ஏ. (சொந்த செல்களின் பொருள்களுக்கு எதிராகவே உருவாகும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், உறுப்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றால் நிலைமை வேறு. மூச்சுவிட்டு யோசிக்கச் சில மாதம் இருக்கிறது. சில வருடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் எந்த எதிர்ப்பொருள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டோப்போஐசோமரேஸ் எதிர்ப்பொருள், அதாவது எஸ்.சி.எல்.-70, இருந்தால் நுரையீரல் பாதிக்கும் வாய்ப்பு அதிகம். சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. முதல் வகைக்காரர் வேலை மாற்றத்தை விரைவாக்க வேண்டும்.

முடக்குவாதமோ லூபஸோ வந்தவர்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். முடக்குவாதத்தில் சிலிக்காவும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இரண்டின் கூட்டலைவிடவும் அதிகமாக ஏறுகிறது. வேலையை விட்டுவிட்டுச் சிகரெட்டை வைத்துக்கொள்வது பாதி வேலைதான்.

ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது, அதை முடித்துவிட்டால் பணம் முழுதாகக் கிடைக்கும் என்பவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு என் பதில்: அந்த ஒரு வருடத்தை மூன்றாவது வழியில் கழிக்கச் சண்டை போடுங்கள், முதல் வழியில் கழிக்காதீர்கள்.

மருந்து இருக்கும்போது வேலையை ஏன் விட வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. மருந்துகள் முன்பைவிட நல்ல நிலையில் உள்ளன. நுரையீரல் பாதிப்புக்கு முன்பெல்லாம் சைக்ளோஃபாஸ்ஃபமைட். மலட்டுத்தன்மை, சிறுநீர்ப்பைப் பாதிப்பு என்று விலை கேட்கும் மருந்து அது. 2016-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மைக்கோஃபினோலேட் ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த தொல்லையோடு தந்தது, அதனால் இன்று பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் மட்டும் அது கூடவே கூடாது. தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்க நின்டெடனிப் உண்டு, டோசிலிசுமாப் உண்டு. இவை எல்லாமே சரிவை மெதுவாக்கும், சிலருக்கு நிறுத்தும். விழுந்த தழும்பை அழிக்காது.

தூசியில் உழைத்தவருக்கு இந்த மருந்துகளில் தனி எச்சரிக்கை ஒன்று தேவை. சிலிக்கா, காசநோய்க் கிருமியை அடக்கும் செல்களையே பலவீனப்படுத்துகிறது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதன்மேல் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் சேர்ந்தால், உள்ளே உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். எனவே மருந்து தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையைக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் தானாக எடுக்காதீர்கள். ஸ்கிளெரோடெர்மாவில் அது திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பைத் தூண்டக் கூடும். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து ஒரு பக்கம் அணைக்க, தூசி இன்னொரு பக்கம் விறகு போட்டால் அந்த மருந்துக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

ராஜினாமா எழுதுவதற்கு முன்

கோபத்திலோ பயத்திலோ ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தானாக விலகியவருக்கும், மருத்துவக் காரணத்தால் அந்த வேலைக்குத் தகுதியில்லை என்று விலக்கப்பட்டவருக்கும் கிடைக்கும் உரிமைகள் பல நாடுகளில் வேறு வேறு. இழப்பீடு கேட்பதற்குக் காலக்கெடுவும் இருக்கும். நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கலாம். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்குள்ள தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ முதலில் பேசுங்கள்.

அதற்குமுன் உங்கள் தூசி வரலாற்றை எழுதி வையுங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை எங்கே, என்ன கல் அல்லது மணல், என்ன கருவி, ஈரமா உலர்வா, அறையா வெட்டவெளியா, என்ன முகக்கவசம், யார் கூட இருந்தார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பட்டறையில் எடுத்த பழைய புகைப்படங்கள், வாங்கிய பொருளோடு வந்த பாதுகாப்புத் தாள், நிறுவனம் எப்போதாவது தூசி அளந்திருந்தால் அந்த அறிக்கை. பட்டறைகள் மூடிப்போகும், கோப்புகள் காணாமல் போகும். இந்த நோயோ தூசி பட்டு இருபது வருடம் கழித்தும் வரும். மருத்துவரிடம் இதன் ஒரு பிரதியைக் கொடுத்து, 'சிலிக்கா தூசி வெளிப்பாடு இத்தனை வருடம்' என்று உங்கள் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். வாத நோய் மருத்துவர், நுரையீரல் மருத்துவர், தொழில்சார் நோய் மருத்துவர் மூவரும் அந்தக் கோப்பைப் பார்ப்பது நல்லது.

வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் அதை உதறாமல் ஈரமாக்கித் தனியாகத் துவையுங்கள், அல்லது கட்டி எறிந்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் நின்று அதே கல்லை அறுத்தவர்களிடம் உங்களுக்கு வந்ததைச் சொல்லுங்கள். அவர்களுக்கு விரல் வெளுக்கிறதா, மோதிரம் இறுகுகிறதா, காலையில் மூட்டு விறைக்கிறதா, வறட்டு இருமல் விடாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றாவது இருந்தால், மார்பு ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை, ஏ.என்.ஏ. இந்த மூன்றையும் அவர்களும் இந்த மாதமே பார்த்துக்கொள்ளட்டும்.